நண்டு கொழும்புக்குப் போன கதை

போன மாதம் எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில் புதிய ஆய்வுகூடம் ஒன்று திறந்தார்கள். என்னைப்போல வேலையில் இருந்து இளைப்பாறியவர்களையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். மேசைகளில் ரோபோ செய்யும் சாமான்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. பெட்டியைத் திறந்தால் மோட்டர், சில்லு, வயர், எந்த ஆணியை எங்கே முடுக்குவது என்று படம் போட்ட புத்தகம், எல்லாம் உள்ளே இருக்கிறது. முடுக்குகிற சாவியைக்கூட விடாமல் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மிச்சம் இருக்கிற வேலை பெட்டியைத் திறப்பதுதான்.

பக்கத்தில் இருந்த இளம் பயிற்றுநர் ஒருவர் என்னிடம் கேட்டார். "மிஸ், சண்டைக் காலத்திலயே இஞ்ச ரோபோ செய்தனீங்களாமே. சாமானெல்லாம் எங்கால எடுத்தனீங்கள்?"

"அரைவாசி பழைய இரும்புக் கடையில. மிச்சம் பொய் சொல்லி."

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். சிரிக்கட்டும். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதை பெரிய கதை இல்லை. மின்னியல் பயிற்சியைக் கொஞ்சம் யாழ்ப்பாணத்திலும் கொஞ்சம் கொழும்பிலுமாக முடித்தேன். இடையில் ஒரு கலவரம், ஒரு கல்யாணம். முதல் நாள் கல்லூரிக்கு வந்தபோது பியோன் ஐயா என் பையை வாங்கிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, நேரே தையல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். மின்னியல் பட்டறைக்கு வந்த ஆள் நான் என்றதும் திகைத்துப் போய், "அங்க கரண்ட் இருக்குது பிள்ளை" என்று எச்சரித்தார். அந்தக் கரண்டோடுதான் இளைப்பாறும்வரை காலம் தள்ளினேன், அது இருந்த நாட்களில்.

நான் பேசப் போகிற காலத்தில் எங்கள் அதிபர் சதாசிவம் சேர். கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய வெள்ளைச் சேட்டு, கறுத்தக் குடை. திருகோணமலை வெயிலுக்குக் குடை நியாயம்தான். ஆனால் அவர் அறைக்குள் இருக்கும்போதும் அது மடியில்தான் கிடக்கும். அவரிடம் எதைக் கேட்டாலும் "யோசிப்பம்" என்பார். சொல்லிவிட்டு எழும்பிப் போய் ஃபானைப் போடுவார். பதில் அதில்தான் இருந்தது. ஒன்றில் விட்டால் ஓம். இரண்டில் விட்டால் அடுத்த கிழமை வந்து கேட்கலாம். மூன்றில் விட்டால் மேசையில் வைத்த எங்கள் கடதாசிகள் பறக்கும்; பொறுக்கிக்கொண்டு வெளியே வரவேண்டியதுதான். கரண்ட் இல்லாத நாளில் அவரிடம் ஒன்றும் கேட்கக்கூடாது என்பது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

கொழும்பில் ஒரு வளாகத்தில் வருசாவருசம் ரோபோப் போட்டி வைப்பார்கள். தரையில் டெனிஸ் பந்துகளைப் பரப்பி விடுவார்கள். பிள்ளைகள் செய்த மெசின் அவற்றைப் பொறுக்கி, மறுகரையில் இருக்கும் தொட்டிக்குள் போடவேண்டும். மூன்று நிமிடம். மணி அடித்ததும் தொட்டியில் எத்தனை பந்து இருக்கிறதோ அதுதான் புள்ளி. எங்கள் பட்டறைப் பிள்ளைகள் மூன்று பேர் இதைக் கேள்விப்பட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அன்புவழிபுரத்து நிரோசன், கிண்ணியாவில் இருந்து வந்த றிஸ்வான், சம்பூரில் இருந்து வந்து பாலையூற்றில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்த தர்சினி. நான் அவர்களையும் கூட்டிக்கொண்டு அதிபரிடம் போனேன். ஃபான் இரண்டில் நின்றது.

அடுத்த கிழமை போனபோது சேர் நிபந்தனைகளோடு இருந்தார்.

"ரிமோட் எண்ட சொல்லை இந்த வளவுக்குள்ள ஒருத்தரும் சொல்லப்படாது."

"அப்ப எப்பிடி சேர் ஓட்டுறது?"

"வயர் போட்டு ஓட்டுங்கோ. நாயைச் சங்கிலியில கட்டிக்கொண்டு போறேல்லையே? ரோபோ எண்டும் சொல்லவேண்டாம். பந்து பொறுக்கிற மெசின். ஆமி கேட்டாலும் அதுதான், அம்மா அப்பா கேட்டாலும் அதுதான். பற்றறி இரவில பட்டறையில இருக்கப்படாது, என்ர அலுமாரியில இருக்கவேணும்."

இன்றைக்கு வாசிக்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அப்போது பற்றறியும் வயரும் கையில் இருந்தாலே, குண்டு செய்யவோ என்று கேட்பார்கள், விளக்கம் சொல்லவேண்டும். கடையில் நான்கு முழம் கூடுதலாக வயர் கேட்டால் கடைக்காரர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார். அதனால் நாங்கள் வாங்கிய வயரெல்லாம் யாரோ ஒருவரின் புதுவீட்டுக்குத்தான். நிரோசனின் மாமா அந்த வருசம் மூன்று வீடு கட்டினார். பாவம், அவருக்கு இருந்தது ஒரு தகரக் கொட்டில்.

மோட்டருக்கு எங்கே போவது? பழைய இரும்புக் கடையில் ஒரு லொறியின் வைப்பர் மோட்டரும் ஒரு பஸ்ஸின் வைப்பர் மோட்டரும் கிடைத்தன. இரண்டையும் இரண்டு பக்கத்துச் சில்லுக்குப் பூட்டினோம். லொறி மோட்டர் பொறுமைசாலி. பஸ் மோட்டருக்கு அவசரம். ஆகையால் மெசின் நேரே போகாது. பக்கவாட்டில் சரிந்து சரிந்துதான் போகும். பிள்ளைகள் அதற்கு நண்டு என்று பெயர் வைத்தார்கள். முன்னால் சயிக்கிள் பிறேக் கம்பியால் இழுபடும் இரண்டு கை, பின்னால் நீளமான வயர் வால். வாலின் முடிவில் ஒரு மரப்பலகை, அதில் சுவிட்சுகள்.

நிரோசன் ஓட்டினால் நண்டு சுவரில் போய் முட்டும். றிஸ்வான் ஓட்டினால் வட்டமடிக்கும். நான் ஓட்டியதைப் பற்றி எழுதவில்லை. தர்சினி பலகையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் மோட்டருக்குரிய இடது சுவிட்சை விட்டு விட்டுத் தட்டினாள். நண்டு கோடு போட்டதுபோல நேரே போனது.

"எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டேன்.

"அப்பான்ர லாண்ட்மாஸ்டர் மாதிரித்தான் மிஸ். அதுவும் ஒரு பக்கம் இழுக்கும். மற்றப் பக்கத்தை விட்டு விட்டுப் பிடிக்கவேணும்."

வயலில் அந்தக் கை உழவு மெசினை ஓட்டிப் பழகிய கை. அன்றோடு ஓட்டுநர் யார் என்ற பிரச்சினை தீர்ந்தது. பயல்கள் இரண்டு பேரும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள், பிறகு வால் பிடிக்கும் வேலையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

நண்டு முடியும் தறுவாயில்தான் சம்பூர்ப் பக்கம் சண்டை வந்தது. துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் பட்டறையில் ஒருவரும் சோல்டரிங்கை நிறுத்துவதில்லை. கரண்ட் நின்றால்தான் நிறுத்துவோம். ஆனால் அந்தச் சத்தம் குடாவுக்கு அங்காலப் பக்கத்தில், அவளுடைய ஊர் இருந்த கரையில் கேட்டது. தர்சினி வேலையை விட்டுவிட்டு யன்னலடியில் நின்றாள். ஊர்ச்சனம் முழுக்கக் கிளம்பி வாகரைப் பக்கம் நடந்துவிட்டதாகக் கதை வந்தது. தாய் தகப்பன், தம்பி மூன்று பேரையும் பற்றி ஒரு தகவலும் இல்லை. இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, தலை வாராமல், முகம் வீங்கியபடி, நண்டின் இடது கையைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தாள்.

"பிள்ளை, வீட்டில இருக்கலாமே" என்றேன்.

"வீட்டில இருந்தா சின்னம்மா அழுறா மிஸ். பிறகு நான் அழவேணும். இது இறுகிப் போச்சு, கொஞ்சம் எண்ணெய் இருக்கோ?"

எண்ணெய் கொடுத்தேன். வேறென்ன கொடுப்பது?

போட்டி இரண்டு நாள். முதல் நாள் பின்னேரம் எல்லா அணிகளும் ஓடும், அதில் தேறியவை மறுநாள் இறுதிச் சுற்று. விடிய வெளிக்கிட்டால் பின்னேரத்துக்குள் கொழும்பு. றிஸ்வானின் மாமாவுடைய வான் கிடைத்தது. மற்ற நாட்களில் அது கருவாடு ஏற்றும் வான். எத்தனை கழுவினாலும் கருவாடு தன் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை. அதிபர் தானும் வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறினார், குடையோடு. பற்றறி கொண்டு போவதில்லை, கொழும்பில் இரவல் வாங்குவது என்று முடிவு.

கந்தளாய்க்கு முன்னால் ஒரு செக்பொயின்டில் மறித்தார்கள். எங்கள் கூட்டத்தில் சிங்களம் ஒழுங்காகத் தெரிந்தவன் றிஸ்வான் மட்டும்தான். அவனுடைய மொழிபெயர்ப்பில் ஒரு விசேசம் இருந்தது. ஆமி அதிகாரி கையை ஆட்டி ஆட்டி நீளமாக ஒரு பிரசங்கம் செய்தார்.

"என்னவாம் தம்பி?" என்று கேட்டார் சேர்.

"இறங்கட்டாம்."

இறங்கினோம். வானின் பின்கதவைத் திறந்ததும் இரண்டு சிப்பாய்கள் பின்னுக்குப் போனார்கள். காரணம் ஒன்று கருவாட்டு நாற்றம், மற்றது நண்டு. வயரும் மோட்டரும் இரும்புக் கையுமாக அது படுத்திருந்த கோலம் அப்படி. துவக்குகள் நிமிர்ந்தன. சேர் நிதானமாக, "பந்து பொறுக்கிற மெசின் எண்டு சொல்லும்" என்றார். றிஸ்வான் சொன்னான். அதிகாரி மெசினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒரு கேள்வி கேட்டார்.

"என்னவாம்?"

"பந்து பொறுக்க உங்களுக்குக் கை இல்லையா எண்டு கேக்கிறார் சேர்."

நியாயமான கேள்வி. எங்களில் ஒருவரும் அதுவரை அப்படி யோசித்ததில்லை.

ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். வானின் பற்றறியில் வயரைக் கொழுவினோம். தர்சினி தெருவோரம் குந்தியிருந்து பலகையை மடியில் வைத்தாள். நிரோசன் ஒரு பந்தை உருட்டிவிட்டான். நண்டு தார் ரோட்டில் நேரே போய், கையை விரித்து, பந்தைப் பிடிக்கிற நேரம் பார்த்து, செக்பொயின்டில் வளர்ந்த நாய் பாய்ந்து வந்து பந்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. நண்டின் கை காற்றைப் பிடித்தது. சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். இரண்டாவது பந்தை நண்டு தூக்கியதும் ஒருவன் கைகூடத் தட்டினான். மெசினுக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

பிறகு அடையாள அட்டைகளைக் கேட்டார்கள். தர்சினியின் அட்டையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. விலாசம் சம்பூர்.

அதிகாரி அவளிடம் கேட்ட கேள்விகளை றிஸ்வான் சொல்லிக்கொண்டு வந்தான். எப்போது ஊரை விட்டு வந்தாய்? எங்கே இருக்கிறாய்? அம்மா அப்பா எங்கே?

"தெரியாது" என்றாள்.

அந்த ஒரு சொல்லை மட்டும் றிஸ்வான் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தான்.

மற்றவர்கள் போகலாம், இவளைப் பற்றித் திருகோணமலையில் விசாரித்துப் பதில் வரும்வரை இவள் இங்கே இருக்கவேண்டும் என்றார் அதிகாரி. எப்போது பதில் வரும் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். நான் சேரை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"சேர், நான் பிள்ளையோட நிக்கிறன். நீங்கள் பெடியளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இவ்வளவு பாடுபட்டது வீணாகப் போகப்படாது."

தர்சினிக்கும் அது கேட்டுவிட்டது. "ஓம் சேர், நீங்கள் போங்கோ. நிரோ ஓட்டுவான்."

"நான் ஓட்டமாட்டன்" என்றான் நிரோசன். "நான் ஓட்டினா அது கொழும்புச் சுவரிலதான் போய் முட்டும்."

எல்லோரும் சேரைப் பார்த்தோம். அந்த மனுசன் யோசிப்பம் என்று சொல்லப்போகிறார், வெட்டவெளியில் ஃபானுக்கு எங்கே போவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் வானடிக்குப் போனார். குடையை எடுத்தார். விரித்தார். அதிகாரியிடம் போய், தன்னுடைய பழைய அரசாங்க இங்கிலிசில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "இவ என்னுடைய மாணவி. நான் அதிபர். இவவை இங்கே விட்டுவிட்டுப் போவதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. பதில் வரட்டும், நாங்கள் இருக்கிறோம்." சொல்லிவிட்டு மணல்மூட்டை ஒன்றின் மேல் தர்சினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குடையை அவள் பக்கம் சரித்துப் பிடித்தார்.

"வான்?" என்றேன்.

"வான் ஒண்டுதான் மிஸ். எல்லாரும்தான் அதில வந்தனாங்கள்" என்றார் சேர்.

காலையில் தொடங்கிய இருப்பு. வெயில் ஏறியது. நான் கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தையும் சம்பலையும் பிரித்தோம். சேர் அதிகாரிக்கும் ஒரு பொட்டலம் அனுப்பினார். அவர் வேண்டாம் என்று கைகாட்டினார், கொஞ்ச நேரத்தில் ஒரு சிப்பாய் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தான். பையன்கள் இரண்டு பேரும் நாயோடு பேச்சுவார்த்தை நடத்திப் பந்தை மீட்டார்கள். சேருக்குக் குடை பிடித்த கை வலித்திருக்கும், கை மாற்றி மாற்றிப் பிடித்தார். அவரோடு வேலை செய்த இத்தனை வருசத்தில் அவருக்கு இரண்டு கையும் சமம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

வெயில் சாய்ந்த பிறகுதான் பதில் வந்தது. அதிகாரி அட்டையைத் தர்சினியிடம் நீட்டி ஏதோ சொன்னார்.

"போகட்டாம்" என்றான் றிஸ்வான். வானில் ஏறிய பிறகு, "நல்லா ஓட்டு எண்டும் சொன்னவர்" என்றான். அதை ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரின்ட முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல மனம் வரல்ல மிஸ்" என்றான்.

முதல் நாள் ஓட்டம் எங்களுக்குத் தப்பிவிட்டது. வெள்ளவத்தையில் சேரின் மைத்துனர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை போட்டி நடந்த மண்டபத்துக்குப் போனோம். மற்ற அணிகளின் மெசின்கள் பளபளவென்று, வாலில்லாமல், காற்றில் கட்டளை வாங்கி ஓடின. எங்கள் நண்டைக் கண்டதும் சிலர் மூக்கைச் சுளித்தார்கள். அது கருவாட்டின் வேலை.

நடுவர் ஒரு விரிவுரையாளர், மிக நல்ல மனிதர். எங்கள் கதையைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். முதற்சுற்று முடிந்துவிட்டதே, ஆனாலும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், இறுதிச் சுற்றுக்கு முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள் என்றார். இரவல் பற்றறியும் அவரே எடுத்துத் தந்தார். ஒலிவாங்கியில், திருகோணமலையில் இருந்து எத்தனையோ கஷ்டங்களுக்கு நடுவில் வந்த பிள்ளைகள் என்று எங்களை அறிமுகம் செய்தார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

தர்சினி பலகையை மடியில் வைத்தாள். பயல்கள் வாலைத் தூக்கிப் பிடித்தார்கள். நண்டு ஓடியது. ஒரு பந்து, இரண்டு பந்து என்று தொட்டிக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஏழு பந்து. பட்டறையில்கூட அப்படி ஒரு நாளும் ஓடியதில்லை. கைதட்டல் ஓய நேரம் எடுத்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சேர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

தர்சினி எழும்பி, சுவரில் இருந்த பெரிய மணிக்கூட்டைப் பார்த்தாள். அதில் பூச்சியம் நின்றது. ஒருவரும் அதை ஓடவிடவில்லை.

அவள் நடுவரிடம் போனாள். அவளுடைய இங்கிலிசு குறைவு. "சேர், ரைம் எவ்வளவு?"

அவர் அன்பாகச் சிரித்து, நேரத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் மகள், அருமையாக ஓட்டினாய் என்றார்.

"இல்லை சேர். மணிக்கூட்டைப் போடுங்கோ. திரும்ப ஓடுறன்."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "விடம்மா. சனம் எழும்பி நிண்டு கைதட்டினது காணாதா?"

"மிஸ், அவை எங்களைப் பாத்துத் தட்டினவை. நண்டைப் பாத்து இல்லை. மணி ஓடாட்டி அது போட்டியே?"

நடுவர் சங்கடத்தோடு எங்கள் சேரைப் பார்த்தார். சேர் ஒரு அடி முன்னால் வந்தார். "நாங்கள் போட்டிக்குத்தான் வந்தோம் ஐயா. தோற்பதென்றாலும் முறையாகத் தோற்கவேண்டும்" என்றார் இங்கிலிசில். நடுவர் மற்ற நடுவர்களோடு குசுகுசுத்துவிட்டு வந்து, சரி, இது கணக்கில் சேரும், ஆனால் முந்தியது சேராது என்றார். தர்சினி தலையாட்டினாள்.

மணிக்கூடு ஓடத் தொடங்கியது. அதோடு நண்டுக்கும் பயம் பிடித்தது. முதல் வளைவிலேயே வால் சில்லுக்குள் சிக்கியது. நிரோசன் தரையில் விழுந்து அதை இழுத்தெடுத்தான். பஸ் மோட்டர் சூடேறி இன்னும் அவசரப்பட்டது, தர்சினியின் விரல் இடது சுவிட்சில் தாளம் போட்டது. மணி அடித்தபோது தொட்டிக்குள் நான்கு பந்து. ஐந்தாவது நண்டின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த முறை கைதட்டல் குறைவு. ஆனால் பக்கத்து அணிப் பையன் ஒருவன் ஓடிவந்து, பிறேக் கம்பியால் கையை எப்படித் தூக்குகிறீர்கள் என்று குனிந்து பார்க்கத் தொடங்கினான். தர்சினி அவனுக்குக் கையைக் கழற்றிக் காட்டினாள்.

பின்னேரம் எல்லா அணிகளின் பெயரையும் புள்ளியையும் வாசித்தார்கள். எங்களுடையது கடைசிக்கு முந்தியது. மூன்று பந்து எடுத்த அணி ஒன்று எங்களுக்குக் கீழே இருந்தது. திரும்பி வரும் வழி முழுக்க அந்த அணியைப் பற்றித்தான் கதை. உலகக் கிண்ணம் வென்றவர்களும் அப்படிக் கதைத்திருக்கமாட்டார்கள்.

சில கிழமைகள் கழித்து, தர்சினியின் வீட்டார் மட்டக்களப்புப் பக்கம் ஒரு முகாமில் உயிரோடு இருப்பதாக ஒரு ஆள்மூலம் தகவல் வந்தது. அங்கே தொலைபேசி இருந்த ஒரு கடைக்குத் தகப்பனை இன்ன நேரத்துக்கு வரச்சொல்லி ஒழுங்கு செய்து, கல்லூரியில் இருந்து அழைப்பு எடுத்தோம். தொலைபேசி அதிபரின் அறையில்தான் இருந்தது. சேர் அவளைத் தன் கதிரையில் இருத்திவிட்டு வெளியே போய் விறாந்தையில் நின்றார். என்னை மட்டும் அவள் கையைப் பிடித்து நிறுத்திவைத்தாள்.

"அப்பா" என்றாள். அம்மா சுகமா, தம்பி சுகமா, சாப்பாடு கிடைக்குதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் பதில் வந்திருக்கவேண்டும். தகப்பன் திருப்பி, நீ என்ன செய்கிறாய் என்று கேட்டிருப்பார்.

"நாங்கள் கொழும்புக்குப் போட்டிக்குப் போனனாங்கள் அப்பா. மெசின் ஓட்டினனான்."

அவர் ஏதோ கேட்டார்.

"இல்லை அப்பா, வெல்லேல்ல" என்றாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை, நிமிர்ந்து இருந்தாள். "ஆனா நாங்கள் கடைசி இல்லை."